ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் ஆசிரியர் பயிற்சி

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கும் முறை. 1930களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. மருத்துவர் சாமுவேல் டோரி ஆர்ட்டன் (1879–1948), உளவியலாளர் அன்னா கில்லிங்ஹாம் (1878–1963) ஆகிய இருவர் பெயரால் வழங்குகிறது. இம்முறையின் கையேட்டை கில்லிங்ஹாமுடன் சேர்ந்து எழுதிய ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனின் பெயர் இதில் விடுபட்டுப்போனது பெரிய குறை. பன்னாட்டு டிஸ்லெக்சியா சங்கம் 2014இல் ‘கட்டமைப்பு எழுத்தறிவு’ என்ற பொதுப்பெயரை ஏற்றது. இம்முறையின் வழிவந்த பயிற்சிகள் பலவும் இன்று அப்பெயரில் அறியப்படுகின்றன.

முன்வரலாறு

ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் 1877இல் ‘சொற்குருடு’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து ருடால்ஃப் பெர்லின் எழுதிய நூல் ‘டிஸ்லெக்சியா’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. இவர்கள் பார்த்தவர்கள் மூளை நோயால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்கள். நலமாகப் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இக்குறை இருக்கலாம் என்பதை 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதினார். அவர் கண்ட பெர்சி என்ற 14 வயதுச் சிறுவன் கணக்கில் கெட்டிக்காரன். தன் பெயரையோ ‘பிரெசி’ என்று எழுத்து மாற்றி எழுதினான். கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917இல் இதுபற்றித் தனி நூலே வெளியிட்டார். இப்பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து எழுத்தெழுத்தாகக் கற்பிக்க வேண்டும் என்றார்.

1925இல் ஆர்ட்டன் அயோவா மாநிலத்தின் கிரீன் மாவட்டத்தில் நடமாடும் மனநல மருத்துவ முகாம் நடத்தினார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஆசிரியர்கள் அங்கே அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் 16 வயதாகியும் வாசிக்கத் தெரியாதவன். நுண்ணறிவுத் தேர்வு அவனுக்கு 71 என்று மதிப்பெண் போட்டது. மோட்டார் எஞ்சினின் பாகங்கள் பற்றிக் கேட்டபோது அவன் தடையின்றிப் பதில் சொன்னான். அந்த மதிப்பெண் அவன் அறிவுக்கு நியாயம் செய்யவில்லை என்று ஆர்ட்டன் அவ்வாண்டே எழுதினார். வாசிக்க முடியாத பிள்ளை மந்தமானவன் அல்லன் என்பதை மருத்துவர் ஒருவர் அழுத்தமாகப் பதிவுசெய்த அந்தக் கட்டுரையிலிருந்தே இத்துறையின் கதையைத் தொடங்குவது பொருத்தம்.

எழுத்துகளின் நேர்ப்படிமத்தையும் கண்ணாடிப் படிமத்தையும் மூளையின் இரு பாதிகளும் தனித்தனியே வைத்திருக்க, ஒன்று மற்றொன்றை அடக்கத் தவறுவதே இக்குறைக்குக் காரணம் என ஆர்ட்டன் கருதினார். அந்த விளக்கம் பின்னாளில் கைவிடப்பட்டது. சொல்லை முழுதாகப் பார்த்து மனத்தில் பதியவைக்கும் முறை இப்பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறது என்று 1929இல் அவர் விடுத்த எச்சரிக்கை மட்டும் நிலைத்தது.

கில்லிங்ஹாமும் ஸ்டில்மனும்

ஆர்ட்டனின் கருத்தைப் பாடமாக்கியவர்கள் நியூயார்க் எத்திகல் கல்ச்சர் பள்ளியைச் சேர்ந்த கில்லிங்ஹாமும் ஸ்டில்மனும்தான். 1935 முதல் ஈராண்டுகள் ஹவாயின் புனஹோ பள்ளியில் தங்கி அங்கிருந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். அதே காலத்தில் அவர்களின் கையேடும் வெளிவந்தது. அது பலமுறை திருத்தி அச்சிடப்பட்டது.

கையேட்டின் பாடம் பத்து எழுத்துகளில் தொடங்குகிறது. அட்டையைக் காட்டினால் பிள்ளை ஒலியைச் சொல்ல வேண்டும். ஒலியைச் சொன்னால் எழுத்தைச் சொல்ல வேண்டும். பிறகு எழுதவும் வேண்டும். கண், காது, கை மூன்றும் ஒன்றையொன்று நினைவூட்டும்படி இது அமைந்தது. சொல்லெழுதும்போது பிள்ளை சொல்லைத் திருப்பிச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும். எழுத்துகள் கைவந்த பின்னரே கதை வாசிப்பு. அதுவரை வேறெங்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது; மற்றப் பாடங்களைப் பெரியவர்கள் வாசித்துக் காட்ட வேண்டும். தெரியாத பக்கத்தை வகுப்பு முன்னால் எழுந்து நின்று வாசித்துக் கூனிக்குறுகிய பிள்ளைக்கு இந்த விதி பெரும் ஆறுதல்.

பயிற்சியின் இயல்பு

பிள்ளைக்குக் கற்பிக்குமுன் ஆசிரியர் தம் மொழியின் ஒலிகளைத் தாமே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள். ‘பாக்ஸ்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள், ஒலிகளோ நான்கு. இதை அனுபவமுள்ள ஆசிரியர்களே பிரித்துச் சொல்லத் தடுமாறுவதை ஆய்வாளர் லூயிசா மோட்ஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆசிரியரின் திறமைக்குறைவு என்று இதைக் கொள்ளலாகாது. கல்வியியல் கல்லூரிகள் அவர்களுக்கு இதைக் கற்றுத்தரவே இல்லை.

இரண்டு நாள் பட்டறையில் இது கைவராது. 1995இல் தொடங்கிய ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் பயிற்சியாளர் கழகம், வகுப்புப் பாடத்தோடு, மாணவருக்குக் கற்பிக்கும் நேரமாகவே குறைந்தது 100 மணியை நிபந்தனையாக்குகிறது. மூத்த பயிற்றுநர் வகுப்பில் அமர்ந்து கவனித்துத் திருத்துவார். பிள்ளை எந்த இடத்தில் பிழை செய்தது, அடுத்த பாடத்தை எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

இன்றைய நிலை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 2013இல் வாசிப்புச் சட்டம் இயற்றித் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வகைப் பயிற்சி அளித்தது. அங்கே நான்காம் வகுப்பின் தேசிய வாசிப்புத் தேர்வுச் சராசரி 2013இல் 209 ஆக இருந்து 2019இல் 219 ஆனது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்கென வகுத்த பாட வரிசையைத் தமிழுக்கு அப்படியே எடுத்தாள முடியாது. ‘கொ’ என்பதில் உயிரொலி மெய்க்குப் பின்னால் வர, அதன் குறி முன்னும் பின்னும் நிற்கிறது. ‘க’ என்ற ஓரெழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது.