நாற்பத்தேழு கோல்களுக்குப் பிறகு

1949 பெப்ரவரி 12. ஸ்டொக்ஹோமில் நடந்த உலக ஐஸ் ஹொக்கிப் போட்டியில் கனடா டென்மார்க்கை 47–0 என்று வென்றது. அன்று கனடாவுக்காக ஆடியது சட்பரி என்ற சுரங்க நகரத்தின் அமெச்சூர் கழகம் மட்டுமே. ஆட்டம் 60 நிமிடம். சராசரியாக 77 விநாடிக்கு ஒரு கோல். உலகப் போட்டியின் முதற்பிரிவுக்கு டென்மார்க் திரும்பி வர 54 ஆண்டுகள் பிடித்தன.

2025 மே 22. இம்முறை இடம் ஹேர்னிங், உலகப் போட்டியின் காலிறுதி. சிட்னி குரொஸ்பியும் நேத்தன் மக்கின்னனும் ஆடிய கனடா 1–0 என முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டேகால் நிமிடம் இருக்கையில் நிக்கொலாய் ஏலர்ஸ் சமன் செய்தார். 49 விநாடி மிஞ்சியிருந்தபோது நிக் ஓலெசன் இரண்டாவது கோலை அடித்தார். டென்மார்க் வரலாற்றில் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், பயிற்சியாளர்களின் பெயர்களை அடுக்குவது வழக்கம். ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் உண்டு. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்த மைக் சிரன்ட் உண்டு. நாட்டை முதல் ஒலிம்பிக்குக்கு, 2022 பெய்ஜிங்குக்கு, அழைத்துப் போன ஹைன்ஸ் ஏலர்ஸ் உண்டு. நிக்கொலாய் அவருடைய மகன். அந்தப் பட்டியலில் பிழையில்லை. ஆனால் புதுப் பயிற்சியாளர் வந்ததும் அணி நிமிர்ந்துவிடும் என்பது, புது மனேஜர் வந்ததும் பழைய மென்பொருள் திருந்திவிடும் என்பதைப் போன்ற நம்பிக்கை. 2003இல் முதற்பிரிவுக்குத் திரும்பி, முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 5–2 என்று வென்ற அணி சிறுவர் பிரிவுகளில் வளர்ந்து வந்தது.

அதைப் பார்க்க ஹேர்னிங்கே போதும். யூலாந்தின் நடுவே, ஒரு காலத்தில் புதர்க்காடாக இருந்து பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த, ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். இங்குள்ள கழகம் 1947இல் தொடங்கியது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடிய முதல் டேனியர் பிரான்ஸ் நீல்சன் (2007) இந்த ஊர்ப் பிள்ளை. கோல்காப்பாளர் பிரெடெரிக் அண்டர்சனும் ஒலிவர் பியோர்க்ஸ்ட்ராண்டும் அப்படியே. மூவருடைய தந்தையரும் ஹொக்கி ஆடியவர்கள், பிறகு பயிற்றுவித்தவர்கள். இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒலிவரின் தந்தை டொட். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு, வெளிநாட்டு ஆட்டக்காரராக டென்மார்க்குக்கு வந்தவர். வந்த ஊரிலேயே குடும்பமாகி, பின்னர் ஹேர்னிங் அணியின் பயிற்சியாளரானார். மகன் 16 வயதில் அந்த அணியில் ஆடினான். மொழி தெரியாமல் வந்திறங்கிய ஒருவரின் பிள்ளை இன்று டென்மார்க்கின் சட்டை போடுகிறான்.

வந்திறங்கியவர்கள் என்றால் நாமும்தான். 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்கள் யூலாந்தின் ஊர்களில் குடியமர்ந்தார்கள். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆனால் ஐஸில் நம் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஸ்கேட்டும் கவசமும் விலை கூடியவை என்பது ஒரு காரணம், பெரிய காரணம் அல்ல. தொடங்கும் பிள்ளைகளுக்குப் பல கழகங்கள் கருவிகளை இரவல் கொடுக்கும். 25 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களுக்காகக் கழகங்களுக்கு நகரசபை உதவ வேண்டும் என்று சட்டமே உண்டு.

டேனியக் கழகம் பிள்ளையோடு சேர்த்துத் தகப்பனின் மாலை நேரத்தையும் கேட்கிறது. ஸ்கேட் கயிறு கட்டிவிட ஆள் வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்குக் காரோட்ட, கோப்பி விற்க, சின்னஞ்சிறுசுகளுக்கு விழுந்து எழும்பக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. நம் அப்பாக்களிடம் அந்த நேரம் இல்லாமல் போகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, அதைத் தமிழ்ப் பாடசாலைக்கும் கோயில் சபைக்கும் கொடுத்தார்கள். தேர்த்திருவிழாவுக்குக் கதிரை அடுக்கியவர்களும் ஐஸ் மண்டபத்தில் கோப்பி ஊற்றியவர்களும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், ஒருவரையொருவர் காணவில்லை. கொடுத்த இடத்தில் அது பலித்தது: அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். அவர்களே இப்போது அம்மா அப்பாவாகி, டேனிஷில் தடுமாறாமல் கூட்டத்தில் கை உயர்த்தக் கூடியவர்கள். செவ்வாய் மாலையை எங்கே கொடுப்பது என்ற கேள்வி இனி அவர்களுடையது.

கனடாவை வென்ற இரண்டாம் நாள், ஸ்டொக்ஹோமில் நடந்த அரையிறுதியில், சுவிற்சர்லாந்து டென்மார்க்கை 7–0 என்று அடித்தது. அடுத்த நாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 6–2. நான்காம் இடம்.