ஆங்கிலச் சொற்சேர்க்கை ஆய்வும் டோக்கியோ வகுப்பறையும்

ஒரு மொழியின் சொற்களையும் இலக்கணத்தையும் நன்கறிந்தவரும் அம்மொழியினரைப் போல இயல்பாகப் பேச இடர்ப்படுவதுண்டு. ஆங்கிலத்தில் இவ்விடர்ப்பாடு முறையாக ஆராயப்பட்ட வரலாற்றில் ஜப்பானுக்குச் சிறப்பிடம் உண்டு. 1922இல் அந்நாட்டுக் கல்வித்துறையின் மொழியியல் அறிவுரைஞராகச் சென்ற ஹெரால்டு பால்மர், 1923இல் டோக்கியோவில் தோன்றிய ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். பேச்சுக்கு முதன்மை தந்த அவர், ஒருசேர வழங்கும் சொற்றொடர்களைத் திரட்டி 1933இல் அறிக்கையாக வெளியிட்டார்.

அவருடன் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, வினைகள் ஏற்கும் தொடரமைப்புகளை வகைப்படுத்தினார். 'வான்ட் ஹிம் டு கம்' என்பது வழக்கு. அதனையொப்ப 'சஜெஸ்ட் ஹிம் டு கம்' எனின் வழு. கற்போர் இத்தகு வழுக்களைத் தவிர்க்க உதவும் வகையில், அவர் வேறு இருவருடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சேறியது. 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாகவும் வெளிவந்தது.

தாய்மொழியாளர் உணராமலே கையாளும் மரபைப் பிறமொழியாளரின் பிழைகளே புலப்படுத்துகின்றன என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். மழை 'பெய்ய', வெயில் மட்டும் 'அடிப்பது' ஏன் என்று நம் வகுப்பிலும் மாணவர் வினவுவர். தமிழைப் பிறமொழியினருக்குக் கற்பிக்கும் துறைகள் அவ்வினாக்களைத் தொகுத்து ஆராய்தல் இன்றியமையாதது.