முன்னைய விடையும் மறுவினாவும்: திருகோணமலைக் குடும்ப ஆய்வுகள் குறித்து ஒரு நோக்கு

இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டு வாயிலுக்கு வந்த கணக்கெடுப்பாளர், தமக்கு முன் வந்தவர் எழுதிச்சென்றதை அறியாதவராகவே வந்தார். இது குறையன்று. மாவட்டத்தில் வாழ்வோர் எத்தனை பேர் என்பதே மதிப்பீட்டின் வினா. அவர்களுள் வறுமையுற்றவர் யார், மீண்டவர் யார் என்பது அதன் வினாவன்று. திருகோணமலையிலோ இத்தொடரும் அறுந்தது. 1981 இற்குப் பின்னர் 2001 இல் எடுக்கப்பட்ட மதிப்பீடு போரினால் இங்கு முழுமை பெறவில்லை. 2007 இல் ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு நடைபெற்றதெனினும், முழுமையான மதிப்பீடு 2012 இலேயே கைகூடியது.

அதே 2012 இல் வேறுவகை முயற்சியொன்றும் தொடங்கிற்று. கொழும்பிலுள்ள வறுமை ஆராய்ச்சி நிலையம், பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பொன்றின் பங்காளியாக, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் வாழ்வாதாரம் பற்றி வினவியது. 2015 இல் அக்குடும்பங்களையே மீண்டும் நாடிற்று. இவ்வாறு மீண்டும் செல்பவர் முன்னைய விடையைக் கையிற் கொண்டு செல்லலாமா என்பது, புள்ளியியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சிக்கலாகும்.

இதன் தோற்றம் அமெரிக்காவில் வீட்டுத் திருத்தச் செலவுகளைக் கணக்கிட்ட ஆய்வொன்றிற் காணப்படும். 1964 இல் ஜோன் நெற்றரும் ஜோசப் வாக்ஸ்பேர்க்கும் வெளியிட்ட கட்டுரை, மக்கள் என்றோ செய்த செலவை அண்மையிற் செய்ததாகக் கூறும் இயல்பினர் என்பதை எடுத்துக்காட்டிற்று. சென்ற முறை கூறிய செலவுகளை முதலில் நினைவூட்டிவிட்டு, அதன்பின் நிகழ்ந்தவற்றை மாத்திரம் கேட்டால் ஒரே செலவு இருமுறை எண்ணப்படுவது தவிரும். பின்னர் அந்நாட்டின் மாதாந்தத் தொழிலாளர் ஆய்வு 1994 இல் திருத்தியமைக்கப்பட்டபோது, தொழில் பற்றிய வினாவிலும் இம்முறை புகுத்தப்பட்டது. அதற்குமுன் மாதத்துக்கு மாதம் தொழில் மாறியோராகக் காணப்பட்டவர் ஏறத்தாழ 39 வீதம். முன்னைய விடையை வாசித்துக் காட்டியபின் அது ஏறத்தாழ 7 வீதமாயிற்று. மறைந்த மாற்றங்களுட் பெரும்பகுதி வாழ்க்கையில் நிகழ்ந்தனவல்ல. ஒரே தொழிலைச் சொல்லும் சொல்லும், அதற்கு அலுவலர் இட்ட குறியீடும் மாறியதால் தோன்றியவையே.

துறைமுக நகரொன்றில் இதன் பொருளை எளிதில் உணரலாம். ஒருவர் ஒருமுறை "கூலி" என்பார்; மறுமுறை "துறைமுக வேலை" என்பார்; மற்றொருமுறை "மூட்டை சுமக்கிறேன்" என்பார். மீன்பிடியும் கூலியும் பருவத்துக்கேற்ப மாறிவரும் கொட்டியாரக் குடாக் கரையில் இத்தடுமாற்றம் இன்னும் மிகும். முன்னைய ஏட்டைப் பாராதவர், நிகழாத இடப்பெயர்ச்சிகளையெல்லாம் தொழிற்சந்தையிற் கண்டுபிடித்துவிடுவார்.

எனினும், இம்முறையை அவ்வாறே இம்மாவட்டத்துக்குப் பெயர்த்தல் இயலாது. நினைவூட்டப்பட்டவர் "ஆம், அப்படியே" என்று கூறி விரைவில் விடைபெற விரும்பக்கூடும் என்பது எந்நாட்டுக்கும் உரிய குறை. திருகோணமலைக்கு உரியது வேறொன்று. போர்க்காலத்திற் குடும்ப விபரங்களைப் பொலிசாரிடமும் படையினரிடமும் பதிய நேர்ந்த மக்களுக்கு, மூன்றாண்டுகளுக்கு முன் தாம் கூறியதைத் தாளொன்றிலிருந்து அந்நியரொருவர் வாசிப்பது ஆய்வுமுறையாகத் தோன்றாது, விசாரணையாகவே தோன்றும். அவ்விடத்தில் முதலிற் புதிதாகக் கேட்டு, முரண்பாடு கண்டால் மட்டும் பின்னர் மெல்ல உசாவுதலே தக்கது.

வதிவிட வினாவும் இத்தகையதே. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் தற்காலிக முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்தம் காணிகளிற் பெரும்பகுதி 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே விடுவிக்கப்பட்டது. முகாமிலிருந்த ஒருவரிடம் 2012 இல் "உம் ஊர் எது?" என வினவியிருந்தால் சம்பூர் என்றே கூறியிருப்பார். "எங்கே வசிக்கிறீர்?" என்பதற்கான விடை வேறு. ஊர் திரும்பியபின் முன்னைய விடையை வாசித்துக் காட்டுபவர், அது எவ்வினாவின் விடை என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்ப உறுப்பினர் பட்டியலோ எல்லாவற்றினும் கடினமானது. முன்னைய பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, "இவர் இன்னும் இங்கு உள்ளாரா?" என வினவுதலே வழக்கம். காணாமற்போன மகனையும் குடும்பத்தவனாகக் கருதி 2012 இல் அவன் பெயரைச் சொன்ன தாயொருவர் 2015 இல் அப்பெயரைச் சொல்லாது விடலாம். அவன் இறந்தான் என அவர் அறிந்துகொண்டார் என்பது அதற்குப் பொருளாகாது. 2010 ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின்கீழ் அன்று பெறக்கூடியதாயிருந்தது மரணச் சான்றிதழ் ஒன்றே. காணாமற்போனமைக்கான சான்றிதழ் 2016 ஆம் ஆண்டின் திருத்தத்துடனேயே வந்தது. நட்டஈட்டுக்காகவோ காணி உறுதிக்காகவோ அப்பத்திரத்தைப் பெற்ற ஒருவர், அலுவலர்முன் அதற்கொத்த விடையைக் கூறுவது இயல்பு. அட்டவணையில் அது "இறப்பு" எனப் பதியும். மூன்றாம் முறை கேட்டால் அதே தாய் அவன் பெயரை மீண்டும் சொல்லவுங்கூடும்.