கவலை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் என்றால் இன்று ஏற்றுமதிக் காலணிதான் நினைவுக்கு வரும். பம்புசெட் பரவும் வரை தோலுக்குக் கிணற்றடியிலும் வேலை இருந்தது. மாடு கட்டி நீர் இறைக்கும் கருவிக்குக் 'கவலை' என்று பெயர். மதுரை, நெல்லைப் பக்கம் அதுவே 'கமலை'. தெலுங்கிலும் கன்னடத்திலும் கபில, கபிலெ என்ற வடிவங்கள் உண்டு. தமிழகராதிகளிலும் 'கபிலை' இருக்கிறது.

கபிலை என்றால் பழுப்பு நிறப் பசு. இழுப்பது எருதாயிற்றே என்று கேட்கலாம், நியாயம்தான். கவர்த்த கிளைக்கும் பிரியும் வழிக்கும் 'கவலை' என்ற பழஞ்சொல் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. பகரம் வகரமாவது இயல்பு. அண்டை மொழிகளும் பகரத்தையே காட்டுகின்றன. எனக்குக் கபிலையே பொருத்தமாகப் படுகிறது. மனக்கவலைக்கும் இதற்கும் உறவில்லை, கிணறு வற்றிய ஆண்டுகள் நீங்கலாக.

நீர் மொள்ளும் கலம் சால். அதன் அடியில் யானைத் துதிக்கைபோல் தோல்குழாய் ஒன்று தொங்கும். சாலைத் தடித்த வடமும், குழாயின் வாயை மெல்லிய வால்கயிறும் இழுக்கும். ஏறும்போது வாய் மேல்நோக்கி மடிந்திருப்பதால் நீர் சிந்தாது. மேலே வந்ததும் வால்கயிறு தாழ்ந்த உருளை வழியாக வாயைத் தொட்டிக்குள் இழுத்துவிடும். சால் மேலும் உயர, நீர் தானாகக் கொட்டும். கவிழ்க்க இன்னொரு ஆள் வேண்டாம். எருதுகள் சரிவில் இறங்கும்போது இறைப்பு. பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். தோல் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் எண்ணெய் பூசி வைப்பார்கள்.