பூட்டிய அலுவலகத்தில் ஊழியருக்கு என்ன வேலை? - அமெரிக்க ஷட்டவுன் வரலாறு

அரசாங்கத்திடம் பணம் இல்லை என்பது வேறு. பணத்தைச் செலவு செய்ய அனுமதி இல்லை என்பது வேறு. அமெரிக்காவில் சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் 'ஷட்டவுன்' இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கஜானா காலியாக இருக்காது. ஆனால் காங்கிரஸ் செலவு மசோதாவை நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்து போடாவிட்டால், அந்தப் பணத்தை யாரும் தொடக்கூடாது!

இதை வேலைநிறுத்தம் என்றோ பந்த் என்றோ நினைத்துவிடக் கூடாது. வேலைநிறுத்தத்தில் ஊழியர் வேலைக்கு வர மறுக்கிறார். ஷட்டவுனில் ஊழியர் வரத் தயாராக இருக்கிறார், வராதே என்று சட்டம் சொல்கிறது. சம்பளம் வேண்டாம், சும்மா வந்து வேலை செய்கிறேன் என்று அவர் சொன்னாலும் கூடாது. இந்த விசித்திரமான சட்டம் எங்கிருந்து வந்தது?

சட்டம் பிறந்த கதை

19-ம் நூற்றாண்டில் அமெரிக்க அரசுத் துறைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு வருடத்திற்குக் கொடுத்த பணத்தைச் சில மாதங்களிலேயே செலவழித்துவிட்டு, "வேலை பாதியில் நிற்கிறது, இன்னும் கொடுங்கள்" என்று காங்கிரஸ் முன்னால் வந்து நிற்பார்கள். காங்கிரசுக்கும் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இதைத் தடுக்க 1870-ல் ஒரு சட்டம் வந்தது. 1884-ல் இன்னொரு ஓட்டையும் அடைக்கப்பட்டது. முதலில் இலவசமாக வேலை வாங்கிவிட்டு, பிறகு அதற்குக் கூலி கொடுங்கள் என்று கேட்கும் தந்திரம்தான் அந்த ஓட்டை. அதனால் அரசு யாரிடமும் இலவசச் சேவை வாங்கக்கூடாது என்று ஆனது. இந்தச் சட்டத்தைத் தெரிந்தே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம், 2 வருடம் வரை சிறை.

ஆனாலும் கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு இந்தச் சட்டத்தால் எந்த அலுவலகமும் மூடப்படவில்லை. 1970-களில் பட்ஜெட் தாமதமானபோதெல்லாம் அதிகாரிகள் பயணங்களைக் குறைத்தார்கள், புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்தினார்கள். மற்றபடி வேலை நடந்தது. பணம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

ஒரு கடிதம், ஒரு திருப்பம்

1980 ஏப்ரல் 25 அன்று அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு சட்டக் கருத்தை எழுதினார். சட்டத்தை அப்படியே படித்தால், பணம் ஒதுக்கப்படாத துறை தன் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும் என்றார். மூடுவதற்குத் தேவையான வேலையை மட்டும் செய்யலாம். அடுத்த வாரமே, மே 1 அன்று, ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. சுமார் 1,600 ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

1981 ஜனவரியில் சிவிலெட்டி இன்னொரு விளக்கம் கொடுத்தார். மனித உயிரையும் சொத்தையும் காக்கும் வேலைகள் தொடரலாம் என்பது அதன் சாரம். ஆகவே விமான நிலையத்தில் வழிகாட்டுபவர், சிறைக் காவலர், மருத்துவமனைச் செவிலியர் எல்லோரும் வேலைக்கு வரவேண்டும். சம்பளம் பிறகு கிடைக்கும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தக் கட்டாய விடுப்புக்குப் பெயர்தான் 'ஃபர்லோ'.

அதே வருடம் நவம்பர் 23 அன்று ஜனாதிபதி ரீகன் ஒரு செலவு மசோதாவை நிராகரித்தார். சுமார் 2,41,000 ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1984 அக்டோபரில் சுமார் 5 லட்சம் பேருக்கு அரை நாள் மட்டும் இந்த விடுப்பு கிடைத்தது!

அந்தக் கடைசி அரை நாள்

ஃபர்லோ என்றால் முதல் நாளே வீட்டில் இருந்துவிடலாம் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. வழக்கமாக ஊழியர்கள் முதல் நாள் அலுவலகத்துக்கு வந்து, ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் 'ஒழுங்காக மூடும்' வேலைகளைச் செய்ய வேண்டும். ஃபர்லோ கடிதத்தைப் பெற்றுக்கொள்வது, வருகைப் பதிவை முடிப்பது, கூட்டங்களை ரத்து செய்வது, முக்கியமான கோப்புகளைப் பூட்டுவது, 'அலுவலகத்தில் இல்லை' என்ற தானியங்கி மின்னஞ்சலை வைப்பது... இவைதான் அந்த வேலைகள். அதன்பிறகு வீட்டிலிருந்து அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதுகூடத் தவறு.

ஆனால் எல்லாவற்றையும் அப்படிப் பூட்டிவிட முடியாது. ஆராய்ச்சிக்கூட விலங்குகளுக்குத் தீனி போட ஆள் வேண்டும். 2013-ல் 16 நாட்கள் ஷட்டவுன் நடந்தபோது, வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் பாண்டாக்களுக்குச் சாப்பாடு தவறவில்லை. ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருந்த பாண்டா கேமராவை அணைத்துவிட்டார்கள். நாசாவில் நூற்றுக்கு 97 பேர் வீட்டில் இருந்தார்கள். விண்வெளி நிலையத்தைக் கவனிப்பவர்கள் மட்டும் பணியில் இருந்தார்கள்.

யார் அவசியம், யார் அவசியமில்லை?

1995 டிசம்பர் 16 முதல் 1996 ஜனவரி 6 வரை 21 நாட்கள். கிளின்டனுக்கும் காங்கிரசுக்கும் நடந்த சண்டையில் சுமார் 2,84,000 பேர் வீட்டில் இருந்தார்கள், சுமார் 4,75,000 பேர் சம்பளம் கைக்கு வராமல் வேலை செய்தார்கள். தேசியப் பூங்காக்கள் மூடப்பட்டன, பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் குவிந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரச்சினை முடிந்து ஊழியர்கள் திரும்பும் நேரத்தில் வாஷிங்டனில் பெரும் பனிப்புயல் வந்து அலுவலகங்கள் மறுபடியும் மூடப்பட்டன!

'அவசியம்' என்ற கோடு எங்கே இருக்கிறது என்பது 2018 டிசம்பர் 22-ல் தொடங்கிய 35 நாள் ஷட்டவுனில் தெரிந்தது. சுமார் 8 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். முதலில் அவசியமில்லை என்று அனுப்பப்பட்ட வருமான வரித்துறை ஊழியர்களில், வரித் தாக்கல் காலம் நெருங்கியதும், 46,000-க்கும் மேற்பட்டோரைச் சம்பளம் இல்லாமலே திரும்ப அழைத்தார்கள். கடலோரக் காவல்படையினருக்குச் சம்பளம் வரவில்லை. விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள் பலர் விடுப்பு எடுக்க ஆரம்பித்தார்கள். இலவச உணவு கொடுக்கும் இடங்களில் அரசு ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். 2019 ஜனவரி 25 அன்று விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையால் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் போக்குவரத்து தடைப்பட்டது. அன்றே ஷட்டவுன் முடிவுக்கு வந்தது.

2025-ல் அந்தச் சாதனையும் முறிந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள்! கட்டுப்பாட்டாளர்கள் குறைந்ததால் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது.

மிச்சம் என்ன?

வீட்டில் இருந்தவர்களுக்கும் சம்பளம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனியாக முடிவு செய்து வந்தது. 2019 ஜனவரியில் வந்த சட்டம் அதை உறுதி செய்தது. 2025-ல் அந்த உறுதி பற்றியே வெள்ளை மாளிகை தரப்பு கேள்வி எழுப்பியது. கடைசியில் நவம்பரில் வந்த சட்டத்தில் நிலுவைச் சம்பளம் மறுபடியும் எழுத்தில் உறுதி செய்யப்பட்டது.

கணக்குப் பார்த்தால் இதுதான் பெரிய முரண்பாடு. 2013, 2018, 2019 ஷட்டவுன்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு, மக்களின் வரிப்பணம் கிட்டத்தட்ட 400 கோடி டாலர் வீணானதாகச் சொன்னது. அதில் பெரும்பகுதி, வேலை செய்யவிடாமல் வீட்டில் உட்காரவைத்தவர்களுக்குக் கொடுத்த சம்பளம். செலவு கைமீறாமல் இருக்க எழுதப்பட்ட சட்டமே செய்யாத வேலைக்குப் பணம் கொடுக்கும் நிலையை உண்டாக்கிவிட்டது.

அந்த நிலுவைச் சம்பளமும் எல்லோருக்கும் இல்லை. அரசுக் கட்டிடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், கேன்டீனில் சமைப்பவர்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள் பலரும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். 2019 சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. கட்டிடம் திறந்ததும் அதிகாரிக்குப் பழைய சம்பளம் வருகிறது. அவர் மேஜையைத் துடைப்பவருக்கு அந்த நாட்கள் போனது போனதுதான். சண்டை போட்ட காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமோ ஒரு நாளும் நின்றதில்லை, ஏனென்றால் அது வருடாந்திர மசோதாவை நம்பி இல்லை. யாருடைய வேலை அவசியம் என்று கேட்டு எழுதப்பட்ட சட்டம், யாருடைய பசி அவசரம் என்று இன்னும் கேட்கவில்லை.