ஸ்பின்ரைட்: ஒரு பழைய மென்பொருளின் புதிய பதிப்புகள்

தனியாள் கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செயலியின் வேகத்தைப் பற்றியும் நினைவகத்தின் கொள்ளளவைப் பற்றியுமே எழுதுகின்றனர். வன்தட்டுக்கு அந்த வரலாற்றில் ஓர் ஓரமே கிடைக்கிறது. ஆனால் நாம் எழுதியவையும் கணக்கிட்டவையும் தங்கியிருந்த இடம் அதுதான். அந்த வன்தட்டைச் செப்பனிடுவதற்கென்று 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த ஒரு மென்பொருள், 2024ஆம் ஆண்டிலும் புதிய பதிப்புக் கண்டிருக்கிறது. அதன் பெயர் ஸ்பின்ரைட். அதை எழுதியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவ் கிப்சன். ஒரு கருவியைப் 'புதுப்பித்தல்' என்பதன் பொருள் என்ன என்ற கேள்விக்கு அதன் வரலாறு நல்லதொரு விடை தருவதாக நான் கருதுகிறேன்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட முதலாவது தனியாள் கணனியில் வன்தட்டு இருக்கவில்லை. நெகிழ்தட்டுகளே இருந்தன. 1983 மார்ச் மாதத்தில் வெளிவந்த எக்ஸ்.ரி. என்ற மாதிரியே 10 மெகாபைற் வன்தட்டுடன் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து வன்தட்டுகள் நிமிடத்துக்கு 3600 தடவைகள், அதாவது செக்கனுக்கு 60 தடவைகள் சுழன்றன. தட்டின் மேற்பரப்பு வட்டமான தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் 17 துண்டங்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. செக்டர் எனப்படும் இத்துண்டம் ஒவ்வொன்றும் 512 பைற் கொண்டது.

கணக்குப் பார்த்தால், ஒரு சுழற்சியில் ஒரு தடத்தை முழுமையாக வாசித்துவிட முடியுமானால் செக்கனுக்கு 510 கிலோபைற் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கிடைக்கவில்லை. காரணம் தட்டில் இல்லை. தட்டுக்கும் கணனிக்கும் இடையே இருந்த கட்டுப்பாட்டு அட்டையில் இருந்தது.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். சுழலும் வட்ட மேசையொன்றின் விளிம்பில் 17 கடிதங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. மேசையருகே அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரதி செய்ய வேண்டும். முதலாவது கடிதத்தைப் பிரதி செய்து அவர் நிமிர்வதற்குள் இரண்டாவது கடிதம் அவரைக் கடந்து போய்விடுகிறது. அது திரும்பி வரும்வரை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்குப் பரிகாரமாக, இரண்டாவது கடிதத்தை அடுத்த இடத்தில் வைக்காமல் ஆறாவது இடத்தில் வைத்தால், அவர் நிமிரும்போது அது சரியாக எதிரே வந்து நிற்கும். துண்டங்களை இவ்வாறு இடைவிட்டு அடுக்கும் முறைக்கு 'இன்டர்லீவ்' என்று பெயர்.

எக்ஸ்.ரி. கணனியில் இந்த எண் 6 ஆக இருந்தது. அதாவது ஒரு தடத்தை வாசிக்க ஆறு சுழற்சிகள். வேகம் செக்கனுக்கு 85 கிலோபைற். 1984இல் வெளிவந்த ஏ.ரி. மாதிரியில் அது 3 ஆகக் குறைந்தது. வேகம் 170 கிலோபைற்றாக உயர்ந்தது.

எண்ணைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் விளைவு தலைகீழாகும். 6 தேவைப்படும் அட்டைக்கு 5 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு துண்டமும் மயிரிழையில் தவறிப்போகும். ஒரு தடத்தை வாசிக்க 6 சுழற்சிகளுக்குப் பதிலாக 22 சுழற்சிகள் தேவைப்படும். கூட்டி வைத்தால் நட்டம் சிறிது, குறைத்து வைத்தால் நட்டம் பெரிது. ஆகவே தாராளமான எண்ணை வைத்து விற்பதே விற்பவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. பாவனையாளரோ தமது இயந்திரத்தின் இயல்பான வேகம் அவ்வளவுதான் என்று நம்பினர்.

சரியான எண்ணைக் கண்டுபிடித்தாலும் அதை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. இன்டர்லீவ் என்பது 'லோ லெவல் ஃபோர்மட்' எனப்படும் அடிநிலை வடிவமைப்பின்போது தட்டிலேயே பதியப்படுவது. அதை மாற்றுவதென்றால் தட்டில் உள்ள அனைத்தையும் அழிக்க வேண்டும். 20 மெகாபைற் வன்தட்டொன்றில் உள்ளவற்றை முதலில் 360 கிலோபைற் நெகிழ்தட்டுகளில் பிரதி எடுப்பதாயின் ஏறக்குறைய 57 தட்டுகள் வேண்டும். யார்தான் அதற்குத் துணிவார்?

கிப்சன் இந்த இடத்தில்தான் வருகிறார். அவர் 1980களின் தொடக்கத்தில் அப்பிள் 2 கணனிக்கான ஒளிப்பேனாவை உருவாக்கியவர். 1986 முதல் 1993 வரை 'இன்ஃபோவேர்ல்ட்' வார இதழில் தொழில்நுட்பப் பத்தி எழுதியவர். அவரது மென்பொருள் கையாண்ட வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது. ஒரு தடத்தை வாசித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வது. அத்தடத்தை மட்டும் புதிய எண்ணுடன் அடிநிலையில் வடிவமைப்பது. பின்னர் வாசித்ததைத் திரும்ப எழுதுவது. அடுத்த தடத்துக்குச் செல்வது. இவ்வாறு முழுத் தட்டும், அதில் இருந்த ஒன்றும் அழியாமல், மறுபடி அடுக்கப்பட்டது. எந்த எண் அந்தக் கணனிக்கும் அந்த அட்டைக்கும் பொருத்தம் என்பதையும் மென்பொருளே அளந்து கண்டது.

வேகத்துக்காகச் செய்த இவ்வேலைக்கு வேறொரு பயனும் இருந்தது. அக்காலத்து வன்தட்டுகள் பலவற்றில் வாசிக்கும் தலையைப் படிப்படியாக நகர்த்தும் மோட்டார்களே இருந்தன. வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் தலை தன் பழைய இடத்திலிருந்து சற்று விலகும். துண்டத்தின் உள்ளடக்கம் அவ்வப்போது புதிதாக எழுதப்பட்டது. துண்டத்தை அடையாளம் காட்டும் தலைக்குறிப்போ முதல் நாள் எழுதப்பட்டதே. இரண்டுக்கும் இடையே விலகல் கூடியபோது ஒரு நாள் துண்டம் காணாமற் போயிற்று. 'அபோர்ட், ரிட்ரை, ஃபெயில்?' என்ற வாசகத்தைத் திரையில் கண்டு திகைத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அடிநிலை வடிவமைப்பைப் புதுப்பித்தபோது தலைக்குறிப்பும் உள்ளடக்கமும் மறுபடி ஒரே கோட்டில் வந்தன. இதே துறையில் நோர்ட்டன் யூட்டிலிற்றீஸ் தொகுப்பும் 'கலிபிரேட்' என்ற செயல்நிரலைச் சேர்த்துக்கொண்டதிலிருந்து, இதன் தேவை எத்தகையது என்பதை உணரலாம்.

ஆனால் இக்கருவியின் அடித்தளமே விரைவில் ஆட்டம் கண்டது. 1980களின் நடுப்பகுதியில் அறிமுகமாகி அடுத்த பத்தாண்டில் எங்கும் பரவிய ஐ.டி.ஈ. வன்தட்டுகளில் கட்டுப்பாட்டுச் சுற்று தட்டுடனேயே இணைக்கப்பட்டது. ஒரு தடத்தை முழுமையாக ஏந்திக்கொள்ளும் இடைநினைவகமும் வந்தது. இன்டர்லீவ் 1 ஆயிற்று, அதாவது தேவையற்றதாயிற்று. வெளித்தடங்களில் கூடுதலான துண்டங்கள் வைக்கப்பட்டதால், கணனிக்குச் சொல்லப்பட்ட தடக்கணக்கே கற்பனைக் கணக்காயிற்று. அடிநிலை வடிவமைப்பு தொழிற்சாலையோடு முடிந்துவிட்டது. பாவனையாளர் அதைத் தொடவே முடியாது.

எந்த வேலைக்காக ஸ்பின்ரைட் பிறந்ததோ அந்த வேலை இவ்வாறு இல்லாமற் போயிற்று. அக்காலத்தின் பல துணைச்செயலிகள் இத்தகைய கட்டத்தில்தான் மறைந்தன. கிப்சன் வேறு கேள்வியைக் கேட்டார். வேகம் போய்விட்டது, தரவு பிழைத்திருக்கிறதா? பின்வந்த பதிப்புகள் தரவு மீட்பை முதன்மையாக்கின. வாசிக்க மறுக்கும் துண்டத்தை மீண்டும் மீண்டும் வாசித்து, கிடைத்த மாதிரிகளை ஒப்பிட்டு, பெரும்பகுதியையாவது மீட்டெடுப்பது அவற்றின் பணி. 2004இல் வெளிவந்த 6.0 பதிப்பு தட்டில் எந்தக் கோப்பு முறைமை இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் இயங்கியது.

அப்பதிப்பு தட்டுடன் பேசியது பயொஸ் என்ற இடைத்தரகர் மூலம். 2004இல் அது போதுமானதாக இருந்தது. ஆனால் தட்டுகள் டெராபைற் கணக்கில் வளர்ந்தபோது அந்த இடைத்தரகரே தடையானார். ஒரு தட்டைப் பரிசோதிக்க நாட்கள் தேவைப்பட்டன. 2013இல் கிப்சன் 6.1 பதிப்பை அறிவித்தார், 6.0 வாங்கியோருக்கு அது இலவசம் என்றும் உறுதியளித்தார். இடையில் 'ஸ்குவேர்ல்' என்ற இணைய உள்நுழைவு முறையொன்றை உருவாக்குவதில் அவருக்குப் பல ஆண்டுகள் கழிந்தன. அம்முறை பரவலாக ஏற்கப்படவில்லை. பின்னர் அவர் திரும்பிவந்து, வன்பொருளுடன் நேரடியாகப் பேசும் நிரல்களை அசெம்பிளி மொழியில் எழுதி, 2024 பெப்ரவரியில் 6.1 பதிப்பை வெளியிட்டார். 2004இல் 89 டொலர் கொடுத்து வாங்கியவர் இருபது ஆண்டுகளின் பின் அதே கட்டணத்தில் புதிய பதிப்பைப் பெற்றார். ஆண்டுச் சந்தாவுக்குப் பழகிவிட்ட இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

இவ்வரலாற்றின் சுவையான திருப்பம் 6.1 பதிப்புக்கான ஆயத்தங்களின்போது நேர்ந்தது. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களின் வாசிக்கும் வேகத்தை அளந்தபோது, சிலவற்றில் ஒரு பகுதி மற்றப் பகுதிகளைவிட மிக மெதுவாக இயங்குவது தெரியவந்தது. பெரும்பாலும் தொடக்கப் பகுதி, அதாவது இயங்குதளம் தங்கியிருந்து ஓயாமல் வாசிக்கப்படும் பகுதி. மறுபடி எழுதாமல் வாசித்துக்கொண்டே இருக்கும்போது அக்கலங்களின் மின்னூட்டம் தெளிவிழக்கிறது. பிழைதிருத்தும் சுற்று கூடுதலாக உழைக்க நேர்கிறது. அப்பகுதியை வாசித்து அப்படியே திரும்ப எழுதியதும் வேகம் மீண்டது. வாசித்து, புதுப்பித்து, திரும்ப எழுதுவது: 1980களில் 17 துண்டங்களுக்காக வகுக்கப்பட்ட அதே வழி.

இதைக் குறையற்ற வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. 6.1 பதிப்பு டொஸ் சூழலிலேயே இயங்குவது. பழைய பயொஸ் வசதி அறவே நீக்கப்பட்ட கணனிகளில் அது தொடங்காது. ஒருவரே எழுதும் மென்பொருள் அந்த ஒருவரின் காலத்தையும் கவனத்தையும் சார்ந்தே நிற்கும்.

எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகைத் தொழிலில் 'திருத்திய பதிப்பு' என்ற சொல்லை நாம் மலிவாகவே பயன்படுத்துகிறோம். முகப்பை மாற்றிப் பழைய உள்ளடக்கத்தை அச்சிடுவதையும் அப்பெயரால் அழைக்கிறோம். 1980களில் கட்டுப்பாட்டு அட்டை, பின்னர் பயொஸ், இப்போது கலங்களின் மின்னூட்டம் என, கணனி எங்கே காத்துக்கிடக்கிறது என்பதை ஒவ்வொரு காலத்திலும் புதிதாக அளந்து பார்த்ததனாலேயே ஸ்பின்ரைட் பிழைத்தது. தயாரிப்பாளர் வைத்துத் தந்த எண்ணை இறுதியானதென்று ஏற்றுக்கொள்ளாத மனப்பான்மையே அந்த அளவையின் தொடக்கம். புதுப்பித்தல் என்று நான் அதையே கொள்வேன்.