பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மாற்று டயர்கள்

உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்த ஸ்போர்ட்ஸ் கார்களில், தொழிற்சாலையில் பூட்டிய டயர்களுக்குப் பதிலாகப் போடப்படும் டயர்களும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இக்கட்டுரையின் பொருள். அன்றாடக் காருக்கு அளவைச் சொன்னால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேலை அவ்வளவு எளிதில் முடியாது. அந்த அளவே சந்தையில் இல்லாமல் போயிருக்கும். இருந்தாலும் சிறு குடும்பக் காருக்கான டயராக இருக்கும். எல்லாம் பொருந்திவந்தால், கிடங்கில் பல வருடம் கிடந்த சரக்காக இருக்கும். இவற்றுக்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு காரின் சஸ்பென்ஷன் அதன் காலத்து டயரின் குணத்தை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகிறது. அதனால், பிடிப்பு அதிகமான டயரே சிறந்த டயர் என்ற கணக்கு இங்கே அடிக்கடி பொய்த்துவிடுகிறது.

குறுக்கு இழையும் ரேடியலும்

மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு 1946இல் காப்புரிமை கோரி, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவும் அதற்கு முந்தைய வகையான குறுக்கு இழை (கிராஸ்-பிளை) டயர்களிலேயே ஓடின. 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், டன்லப் ஆர்எஸ்5 என்ற குறுக்கு இழை டயர்களுடன் வந்தது. ரேடியல் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

வளைவில் திரும்பும்போது, சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகிறது. குறுக்கு இழை டயரில் இந்தக் கோணம் பெரிது. டயர் நழுவத் தொடங்குவதை ஓட்டுபவர் வெகு முன்பே உணர்வார். ரேடியலில் கோணம் சிறிது, பிடிப்பு அதிகம். ஆனால் பிடி விடும்போது சட்டென்று விடும். ஒரே காரில் இரண்டையும் கலந்து போடுவது ஆபத்து. முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கு இழையும் போட்டால் பின்பக்கம் முதலில் நழுவிக் கார் சுழலும். பிரிட்டனில் அந்தச் சேர்க்கையைச் சட்டமே தடுக்கிறது. நான்கையும் ஒரே வகையாக மாற்றுவதே முறை.

பழைய அளவு, புதிய அளவு

1970களுக்கு முற்பட்ட டயர்களில் ‘165 ஆர் 14’ என்பதுபோல் அகலமும் ரிம்மின் விட்டமும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்காது. அது 80 முதல் 82 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அகலத்தையும் ரிம்மையும் மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிந்தைய இ-டைப் கார்களுக்குரிய 185 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் சுமார் 684 மில்லிமீட்டர். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் 195/65 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 634. ரிம்மில் ஏறும், காரும் ஓடும். ஆனால் விட்டம் 7 விழுக்காடு குறைந்துவிட்டது. வேகமானி 100 காட்டும்போது கார் 93இல்தான் போகும். நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையில்லாமல் அதிகச் சுற்றில் கத்தும். கார் தரையை நோக்கி 25 மில்லிமீட்டர் இறங்கி, வேகத்தடையில் சைலன்சரை உரசும். சக்கர வளைவுக்குள் டயர் சிறுத்துக் கிடப்பது பார்க்கவும் நன்றாக இருக்காது.

எம்ஜிபி காரில் இந்த இடர் குறைவு. அதன் ரேடியல் அளவான 165 ஆர் 14க்குப் பதில் 185/70 ஆர் 14 போட்டால் விட்டம் 2 விழுக்காடு அளவே குறைகிறது. ஆகவே பலரும் அதையே போடுகிறார்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தக் காரில், நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பும்போது கூடுதல் அகலத்தின் பாரத்தைத் தோள்கள் சொல்லும்.

வேகக் குறியீட்டிலும் பழசும் புதுசும் ஒன்றல்ல. பழைய முறையில் ‘எஸ்’ என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், ‘எச்’ என்றால் 210, ‘வி’ என்றால் 210க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும். இன்றைய ‘வி’ 240இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ‘டபிள்யூ’ 270, ‘ஒய்’ 300. பழைய ‘விஆர்’ டயர் கேட்கும் காருக்கு இன்றைய ‘வி’ போதுமா என்பதைக் காரின் உச்ச வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5: ஒரு சான்று

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இந்தத் தேர்வின் நுணுக்கங்களை நன்றாகக் காட்டும் கார். எடை ஒரு டன்னை எட்டாது. அதற்குக் கொடுத்த டயர் 185/60 ஆர் 14, சுமைக் குறியீடு 82, வேகக் குறியீடு எச். பரிந்துரைத்த காற்றழுத்தம் முன்னும் பின்னும் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. இன்றைய கார்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது குறைவாகத் தோன்றும். காற்றடிக்கும் கடைகளில் வழக்கப்படி 32 ஏற்றிவிட்டால், கார் குதிக்கும். குற்றம் சஸ்பென்ஷன் மீது விழும்.

சுமைக் குறியீடு 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 1,900 கிலோ. காரின் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே இந்தக் காருக்கு ‘கூடுதல் சுமை’ வகை டயர் வாங்குவது பலமல்ல, தண்டனை. கெட்டியான பக்கச் சுவர் வளையாமல் விறைத்து நிற்க, சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து சேரும்.

14 அங்குல ரிம்முக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகின்றன. டயர் நிறுவனங்கள் புதிய வடிவங்களைப் பெரிய ரிம்களுக்கே செய்கின்றன. அதனால் பலர் 15 அங்குல ரிம்முக்கு மாறுகிறார்கள். அங்கே சரியான அளவு 195/50 ஆர் 15. விட்டம் 576 மில்லிமீட்டர். பழைய அளவின் விட்டம் 577.6. வேகமானி பொய் சொல்லாது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு மாஸ்டாவே இந்த அளவைக் கொடுத்தது. பக்கச் சுவர் மட்டும் 13 மில்லிமீட்டர் குட்டையாகிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் 205/50 ஆர் 15ஐ விரும்புவார்கள். அந்த அளவில் பிடிப்பு மிகுந்த டயர்கள் ஏராளம்.

ஆனால் இந்தக் கார் வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஓட்டுபவரும் வண்டியும் ஒன்றாக இயங்கும் உணர்வே அதன் நோக்கம். மெல்லிய டயர் குறைந்த வேகத்திலேயே லேசாக நழுவும், ஓட்டுபவர் அதை ஸ்டீயரிங்கில் திருத்திக்கொள்ளலாம். அகலமான, பிடிப்பு மிகுந்த டயர் போட்டதும் அந்த விளையாட்டெல்லாம் சாலையில் ஓட்டக்கூடாத வேகங்களுக்குத் தள்ளிப்போகிறது. மாஸ்டாவும் இதையே நினைத்ததுபோலத் தெரிகிறது. 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தபோது, பழைய காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரை அதே 185/60 ஆர் 14 அளவில் மறுபடி செய்ய ஏற்பாடு செய்தது. பிடிப்பில் இன்றைய டயர்களோடு அது போட்டியிட முடியாது. அந்தக் காரில் அதுவே பொருத்தம்.

மாற்று இல்லாத அளவுகள்

மிஷலின் 1975இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் டயர், ரிம்மையே மில்லிமீட்டரில் அளந்தது. 390 மில்லிமீட்டர் என்றால் 15.35 அங்குலம், 415 என்றால் 16.34. ஃபெராரி, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு கார்கள் சில இதை ஏற்றன. ரிம்மின் விளிம்பு வடிவமும் வேறு. 15 அல்லது 16 அங்குல டயரை அதில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் கழன்று தெறிக்கும். இவ்வகைக் கார் வைத்திருப்பவருக்கு இரண்டே வழி: இன்றும் சிறு அளவில் செய்யப்படும் டிஆர்எக்ஸ் டயருக்கு அதிக விலை கொடுப்பது, அல்லது நான்கு ரிம்களையும் மாற்றுவது. முதல் வழிக்கு ஆகும் செலவைப் பார்த்து இரண்டாவதற்குப் போகிறவர்களே அதிகம். அசல் ரிம்மைக் கொட்டகையில் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. விற்கும்போது அதற்கும் மதிப்புண்டு.

1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் இன்னொரு வகைச் சிக்கல். முன்னால் 205/50 அளவில் 15 அங்குலம், பின்னால் 225/50 அளவில் 16 அங்குலம். முன்னையும் பின்னையும் மாற்றிப் போட முடியாது. பின்டயர்கள் வேகமாகத் தேயும். பின்னால் மட்டும் புதிதாக வேறு ரகம் வாங்கிப் போட்டால் காரின் சமநிலை கெடும்.

போர்ஷே நிறுவனம் தன் கார்களுக்குச் சோதித்து ஏற்ற டயர்களில் ‘என்’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கச் செய்கிறது. என்0 முதல் வடிவம், என்1, என்2 அடுத்தடுத்த திருத்தங்கள். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் எண்கள் கலக்கக் கூடாது. பின்பாரம் கொண்ட 911 காரில் முன்-பின் டயர்களின் பிடிப்பு விகிதம் மிக முக்கியம் என்பதால், இந்த முத்திரையை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவது சரியல்ல.

வயது

பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாறுவது பழைய கார்களில் நடக்கும் பொதுப் பிழை. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில் டயர் தேயாது. ஆனால் ஆக்சிஜனும் வெப்பமும் ரப்பரின் மூலக்கூறுகளை இறுக்கிக்கொண்டே இருக்கும். கலவையில் சேர்க்கும் ஓசோன் தடுப்பு ரசாயனம், டயர் உருண்டு வளையும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நிறுத்தியே வைத்த காரில் அந்தக் கசிவு நின்று, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். பள்ளிப் பையில் கிடந்து காய்ந்த ரப்பர் எழுத்தை அழிக்காமல் காகிதத்தில் வழுக்குவதுபோல், இறுகிய டயர் ஈரச் சாலையில் வழுக்கும். பார்வைக்கு அது புதுசாகவே இருக்கும்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கியது 2005ஆம் ஆண்டு போர்ஷே கரேரா ஜிடி. விசாரணை அதிகாரிகள் அளவுமீறிய வேகத்தையே காரணமாகக் கண்டார்கள். கூடவே, டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது.

தயாரித்த நாளைப் பக்கச் சுவரில் ‘டாட்’ எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் சொல்லும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் டயர் 2000க்கு முந்தையது, யோசிக்காமல் கழற்றிவிட வேண்டும். கார் நிறுவனங்கள் பல ஆறு ஆண்டுகளையும் டயர் நிறுவனங்கள் பல பத்து ஆண்டுகளையும் வரம்பாகச் சொல்கின்றன. வேகமாக ஓட்டும் காருக்கு ஆறு ஆண்டு வரம்பை வைத்துக்கொள்வதே நல்லது. அரிய அளவுகளில் இந்தத் தேதியைக் கடையில் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மெதுவாக விற்கும் சரக்கு கிடங்கிலேயே கிழடாகிவிடும்.

மறுபதிப்பு டயர்கள்

பழைய பட்டன் வடிவத்தையும் அளவையும் வைத்து உள்ளே புதிய கலவையில் டயர் செய்வது இன்று தனித் தொழில். மிஷலின் தன் பழைய எக்ஸ்டபிள்யூஎக்ஸ் போன்றவற்றைத் தொடர்ந்து தருகிறது. பிரெல்லி ‘கோலெட்சியோனே’ என்ற பெயரில் சின்டுராட்டோ வகைகளைச் செய்கிறது. 1958இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் கோக்கர் நிறுவனமும் இந்தத் துறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் டயர்களுக்குக் கட்டாயமாக்கிய தரச் சீட்டு, 1990 அக்டோபர் 1க்கு முன் பதிவான வாகனங்களுக்கென்றே செய்யப்படும் டயர்களுக்குப் பொருந்தாது. ஈரப் பிடிப்பின் மதிப்பெண்ணைச் சீட்டில் தேடிப் பயனில்லை.

இந்தியாவில் புதிய டயர்களின் இறக்குமதி 2020 ஜூன் முதல் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. பழைய கார் வைத்திருக்கும் சென்னைக்காரரோ கோவைக்காரரோ வெளிநாட்டுக் கடையில் விலை பார்ப்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பூட்டும்போது

கம்பிச் சக்கரம் கொண்ட இ-டைப், எம்ஜிபி கார்களில் கம்பி முனைகள் வழியே காற்று கசியும் என்பதால் ட்யூப் அவசியம். ட்யூப்லெஸ்ஸாக மட்டும் வடிவமைத்த சில டயர்களின் உட்புற வரம்புகள் ட்யூபைத் தேய்த்து ஓட்டையிடும். டயர் ட்யூப் வைக்க ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ரிம்கள் சிலவற்றில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. அவற்றிலும் ட்யூபே பாதுகாப்பு. புது டயர் போட்டதும் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, முதல் 150 கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் வார்ப்பு எண்ணெயின் வழுவழுப்பு போய்விடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்போகும் காரை முட்டுக்கட்டைகளில் தூக்கி வைத்தால், டயரின் ஒரே இடம் தட்டையாகி அதிர்வதைத் தவிர்க்கலாம்.